இடது முன்கதவின் வளையம்

பழைய கார்களுக்கு உள்வேலை செய்கிறவர்களை நம் வட்டாரத்தில் ஒரு கையில் எண்ணிவிடலாம். போன வருடம் நான் விலகியதில் ஒரு விரல் மிச்சம். ஐம்பத்து நான்கு வயதில் யாரும் ஓய்வு பெறுவதில்லைதான். ஆனால் முப்பது வருடம் டாஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து கிடந்த கழுத்து இனி வரமாட்டேன் என்றுவிட்டது. கழுத்தில்லாமல் நான் மட்டும் போய் என்ன செய்வது?

குமிழ், கைப்பிடி, வளையம், விளக்கு மூடி இவற்றை உடைக்காமல் கழற்றுவது எப்படி, மெருகேற்றுவது எப்படி என்று நம் பழைய கார் சங்க மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருந்தீர்கள். அதையெல்லாம் யூடியூபில் ஒருவன் என்னைவிடத் தெளிவாக, என்னைவிட அதிகத் தலைமுடியோடு சொல்லித் தருகிறான். அவன் வேலை கெட்டுப்போன கதையைச் சொல்வதில்லை. நான் அதைச் சொல்கிறேன். அதுவும் வேலை நன்றாக முடிந்து கெட்டுப்போன கதை.

இரண்டு வருடம் முன்பு, ஆனி கடைசியில், பாஸ்கர் என் பட்டறைக்கு ஒரு அம்பாசடரை ஓட்டிக்கொண்டு வந்தான். நம் ஆரணிப் பட்டு முதலாளி ஒருவரின் மகன் அவன். வண்டி அப்பாவுடையது. முன்பக்கம் ஒரே நீள சீட்டு, ஸ்டீயரிங் தண்டிலேயே கியர். எஞ்சினை வேறு யாரோ சரிசெய்திருந்தார்கள். உள்ளேதான் எலி குடும்பம் நடத்தியிருந்தது. கூரைத் துணி தொங்கியது. கதவுகளின் உள்பக்க அட்டைகள் உப்பியிருந்தன. இடது முன்கதவில் கண்ணாடியை இறக்கும் கைப்பிடி பிடிப்பில்லாமல் வெறுமனே சுற்றியது.

பாஸ்கர் வண்டியைவிட்டு இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னான். அப்பாவுக்குக் கணையத்தில் கட்டி. வைத்தியம் பார்த்தாயிற்று, இனிமேல் பார்ப்பதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் எழுந்து உட்காருவார், அதற்குப் பிறகு எங்களால் சொல்ல முடியாது என்றாராம் டாக்டர். முதலாளிக்கு ஒரே ஒரு ஆசை. பெரணமல்லூரில் இருக்கும் அக்காவை ஒருமுறை பார்க்க வேண்டும்.

அந்த அக்காவுக்கு இடுப்பு எலும்பு முறிந்து தகடு வைத்திருந்தார்கள். வாக்கர் பிடித்து வாசல்வரை நடப்பார். காரிலோ பஸ்ஸிலோ மடங்கி உட்கார முடியாது. அவர் வர வழியில்லை, இவர்தான் போக வேண்டும். தம்பிக்கு இப்படி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு.

“என் கார்ல போலாம்ப்பான்னு சொன்னேண்ணா,” என்றான் பாஸ்கர். “அதுக்கு அவரு, உன் கார்ல பின்னாடி சாஞ்சிகினு போனா சீக்காளின்னு அவளுக்குத் தெரிஞ்சிபூடும்டா, என் வண்டியில முன்னாடி உக்காந்து போனா நம்புவான்றாரு. எளச்சிட்டது சர்க்கரையாலன்னு சொல்லிப்பாராம்.”

திட்டம் முழுவதையும் முதலாளியே போட்டிருந்தார். வெள்ளைச் சட்டை, வேட்டி. முன் சீட்டில் இடது பக்கம். வீட்டு வாசலில் வண்டி நிற்கும், எஞ்சினை அணைக்கக்கூடாது. அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இறங்காமலே, அக்காவிடம் பத்து நிமிடம் பேசுவார். அவசர வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவார். அதற்கு வேண்டியது மூன்று: சாய்ந்து உட்கார ஒரு சீட்டு, பிடித்துக்கொள்ள ஒரு பிடி, சுற்றினால் இறங்குகிற ஒரு கண்ணாடி.

“புதன்கெழமக்குள்ள குடுத்துடுங்கண்ணா” என்றான். சரி என்றேன்.

இங்கே கொஞ்சம் என்னைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து நான் செய்தது வெறும் முட்டாள்தனமாகத் தெரியும். அது முட்டாள்தனம்தான், ஆனால் வெறும் முட்டாள்தனம் இல்லை.

என் அப்பா இதே முதலாளிக்குப் பட்டு நெய்தவர். முதலாளி ஜன்னலோரம் உட்கார்ந்து, புடவையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, முழம் முழமாகத் தள்ளுவார். அவர் கண்ணுக்கு ஊரே பயப்படும். எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பாவின் புடவை ஒன்றை அவர் திருப்பி அனுப்பினார். உடல் பகுதியில் ஓரிடத்தில் குறுக்கே ஓடும் ஊடை இழை ஒன்று விட்டிருந்தது. அப்பா கோபப்படவில்லை. “அவர் சொல்றது சரிதான்” என்றார். எனக்குப் பொறுக்காமல் போனது அதுதான். முதலாளி தப்பாகச் சொல்லியிருந்தால் வளர்ந்ததும் மறந்திருப்பேன்.

தறிக்காரர் வீட்டில் பிறந்தவனுக்கு இன்னொரு வியாதியும் உண்டு. ஒரு குறையைப் பார்த்துவிட்டால், நெய்தது எவ்வளவு இருந்தாலும் அந்த இடம்வரை பிரித்துவிட்டு மறுபடி நெய்வார்கள். மேலே நெய்துகொண்டு போய்விட்டால் அது புடவையின் வாழ்நாள் முழுக்க அங்கேயே இருக்கும். நான் தறியில் உட்கார்ந்ததில்லை. வியாதி மட்டும் சீதனமாக வந்துவிட்டது. இந்தத் தொழிலில் என் வேலையை ‘நீட்டான வேலை’ என்று எல்லோரும் புகழ்ந்ததற்கு அதுதான் காரணம்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம், கூரைத் துணி, கதவு அட்டைகளோடு சேர்த்து, அந்த மூன்றும் முடிந்தது. சீட்டுக்குள் புது ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தேன். கதவுத் தூணில் ஒரு தோல் வாரைப் பிடியாக அடித்தேன். கைப்பிடியின் பல் தேய்ந்திருந்தது, வேறு போட்டேன். ஒரு விரலால் சுற்றினால் கண்ணாடி வெண்ணெயாக இறங்கியது. அன்று சாயங்காலமே கொடுத்திருக்கலாம்.

அப்போதுதான் வளையத்தைப் பார்த்தேன்.

கைப்பிடிக்கும் கதவு அட்டைக்கும் நடுவே, கைப்பிடி உரசாமல் இருக்க, ஒரு வளையம் இருக்கும். ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரியது. அந்த வண்டியில் அது பழைய தந்த நிறம். மூன்று கதவுகளில் முழுசாக இருந்தது. இடது முன்கதவில் பாதி உடைந்து, பிறை மாதிரி நின்றது. முதலாளி உட்காரப் போகிற இடத்தில், அவர் கை போகப் போகிற இடத்தில்.

பின்கதவிலிருந்து ஒன்றைக் கழற்றி முன்னால் போட்டிருக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பின்கதவு வளையங்கள் வெயில்படாமல் இரண்டு சாயல் வெளுப்பாக இருந்தன. மாற்றினால் மற்ற முன்கதவோடு ஒத்துப்போகாது. இரண்டு சாயல். ஒரு பட்டு முதலாளியின் கண்ணுக்கு அது போதும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புதன்கிழமை காலை பாஸ்கர் போன் செய்தான். ஒரு நாள் கேட்டேன். கேட்ட கையோடு வந்தவாசிக்குப் பஸ் ஏறினேன். அங்கே பழைய வண்டிச் சாமான் கடை வைத்திருக்கும் அம்மாவை உங்களில் சிலருக்குத் தெரியும். கணவர் காலமானபின் கடையை அவரே நடத்துகிறார். என்ன கேட்டாலும் முதலில் ‘இல்லை’ என்பார், பிறகு எடுத்துத் தருவார். அன்றைக்கு நிஜமாகவே இல்லை. கறுப்பு வளையம் ஒன்று இருந்தது. அளவு சரி.

“இத்த மாட்டிகினு போண்ணே” என்றார்.

கறுப்பு ஒத்துவராது என்றேன். யாருக்கு வண்டி என்று கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், டாக்டர் சொன்ன பத்துப் பன்னிரண்டு நாளையும் சேர்த்து.

அவர் அந்தக் கறுப்பு வளையத்தை ஒரு காகிதத்தில் மடித்து என் சட்டைப்பையில் போட்டார். “ஜல்தி போய் வண்டியக் குடு. சாவப்போற மன்சன் கலரா பாப்பாரு?”

பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு அந்த அம்மா மேல் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. பாவம், இரும்பு விற்கிறவருக்குப் பட்டு பார்க்கிற கண்ணைப் பற்றி என்ன தெரியும் என்று. நான் படிக்கிறவன்; பட்டறையில் ஸ்பேனர் இருக்கும் பலகையைவிடப் புத்தகம் இருக்கும் பலகை நீளம். ஒருவன் எவ்வளவு படித்தாலும் தன் விஷயத்தில் எழுத்துக்கூட்டிக்கூடப் படிக்கத் தெரியாமல் இருக்க முடியும் என்பதற்கு அந்தப் பஸ் பயணம் சாட்சி.

வெள்ளிக்கிழமை பாஸ்கர் மறுபடி போன் செய்தான். அந்தப் பேச்சு எனக்கு வார்த்தை வார்த்தையாக ஞாபகம் இருக்கிறது.

“அண்ணா, கண்ணாடி எறங்குதா?”

“எறங்குது.”

“சீட்டுல சாஞ்சி உக்காரலாமா?”

“தாராளமா.”

“அப்பறம் இன்னாண்ணா?”

“ஒரு சின்ன வேல பாக்கி” என்றேன்.

என்ன வேலை என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்க மாட்டேன். ஒரு வளையம் என்று வாயைத் திறந்து சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. உங்களுக்கு நான் சொல்ல விரும்பும் விஷயம் இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றுதான், அது இந்த இடத்தில்தான் இருக்கிறது. வண்டியை நிறுத்திவைத்திருக்கும் காரணத்தைச் சொந்தக்காரரிடம் சத்தமாகச் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். கூசுகிறது என்றால் சாவியைக் கொடுத்துவிடுங்கள். அந்தக் காரணம் வண்டியுடையது இல்லை, உங்களுடையது.

எனக்கு இதைச் சொல்ல அப்போது ஆளில்லை. இருந்திருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன். வந்தவாசியில் ஒருவர் சொன்னாரே, கேட்டேனா?

சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒருவர் பஸ் பார்சலில் ஒரு வளையம் அனுப்பினார். தந்த நிறம்தான், ஆனால் நெளிந்திருந்தது. நேராக்கலாம் என்று வெந்நீரில் போட்டேன். உங்களுக்கெல்லாம் செய்யாதீர்கள் என்று நான் நூறு தடவை சொல்லிய காரியம். இரண்டு துண்டாக வந்தது. ஞாயிற்றுக்கிழமை பின்கதவு வளையத்தை அச்சாக வைத்து ரெசினில் ஒன்று வார்த்தேன். நிறத்துக்கு மட்டும் ஏழு தடவை கலந்தேன். இறுகுவதற்கு இரண்டு நாள். நடுவில் பாஸ்கர் இரண்டு முறை கூப்பிட்டான். ஒரு முறை நான் எடுக்கவில்லை. திங்கட்கிழமை போன் வரவில்லை. அப்பாடா, நிம்மதியாக வேலை பார்க்கலாம் என்று நினைத்தேன். மனிதன் எதையெல்லாம் நிம்மதி என்று நினைக்கிறான் பாருங்கள்.

அடுத்த புதன்கிழமை, சொன்ன நாளுக்குச் சரியாக ஒரு வாரம் கழித்து, வளையத்தை மாட்டினேன். முன்கதவு இரண்டில் எது புதுசு என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை. என் வாழ்நாளில் அதைவிடச் சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

வண்டியை முதலாளி வீட்டு வாசலில் நிறுத்தியபோது பாஸ்கர் வெளியே வந்தான். சவரம் செய்யாத முகம். திங்கட்கிழமை மத்தியானத்திலிருந்து அப்பாவால் உட்கார முடியவில்லை என்றான். தலையணையை முட்டுக்கொடுத்து நிமிர்த்தினாலும் அலறுகிறாராம். அதைச் சொன்ன குரலில் குற்றம் சாட்டுவது எதுவும் இல்லை. உள்ளே வாங்கண்ணா, உங்க பேர் சொன்னேன், பார்க்கணும்கிறார் என்றான்.

முதலாளி முன் அறையில் கட்டிலில் கிடந்தார். போர்வைக்குள் ஆள் இருப்பதே தெரியவில்லை. பாஸ்கர் வெளியே போய் வண்டியின் உள்பக்கத்தைப் போனில் படம் எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தான். அவர் இரண்டு விரலை எடுத்துப் படத்தைப் பெரிதாக்கினார். கூரையிலிருந்து ஆரம்பித்து, சீட்டு, வார், கதவு அட்டை, கைப்பிடி என்று ஒவ்வோர் இடமாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். வளையத்தின் மேல் விரல் நிற்கும் என்று நினைத்தேன். நிற்கவில்லை; தாண்டிப் போய்விட்டது.

“தறிக்காரர் புள்ளதான நீ?” என்றார். ஆமாங்க என்றேன். “கொற ஒண்ணும் தெர்லப்பா.”

இந்த வார்த்தைக்காக நாற்பது வருடத்துக்கு மேல் காத்திருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தெரிந்த அதே நொடியில் அது எதற்கும் உதவாது என்பதும் தெரிந்தது.

முதலாளி மகனிடம், வண்டியைக் கொண்டுபோய் அக்காவிடம் காட்டிவிட்டு வரச் சொன்னார். அப்பா வரவில்லையா என்று கேட்டால் கடையில் வேலை, முகூர்த்த மாசம், நகர முடியவில்லை என்று சொல்லவேண்டும். பாஸ்கர் சரிப்பா என்றான். அன்று ஆடி ஆறோ ஏழோ. முகூர்த்தத்தை வைத்தே ஐம்பது வருடம் வியாபாரம் செய்த மனிதருக்கு மாதம் தப்பிவிட்டது. மகன் அதைத் திருத்தவில்லை. நானும் திருத்தவில்லை. குறை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

வண்டி புதுசாகக் கைவைத்தது, வழியில் நின்றால் என்ன செய்வது, கூட வாங்கண்ணா என்றான் பாஸ்கர். முன்னால் உட்காரச் சொன்னான். அந்த இடத்தில் உட்கார எனக்கு மனம் வரவில்லை, பின்னால் ஏறிக்கொண்டேன். மரியாதை என்று நினைத்துச் செய்தேன். வழி நெடுகச் சத்தமில்லாமல் ஓடியது வண்டி. ஒரு கதவு அட்டைகூட அதிரவில்லை.

பெரணமல்லூரில் முதலாளியின் அக்கா வாசலிலேயே நின்றிருந்தார். வண்டி வருகிறது என்று மட்டும் பாஸ்கர் கிளம்பும்போது போனில் சொல்லியிருந்தான். எழுபது தாண்டியவர், வாக்கரைப் பிடித்த கை மட்டும் இளமையாக இருந்தது. வண்டி தெருவில் திரும்பியதும் சிரித்தார். கிட்டே வந்து நின்றதும் அவர் கண் முன் சீட்டின் இடது பக்கத்துக்குப் போனது. காலியாக இருந்தது. நான் அங்கே உட்கார்ந்திருந்தால் யாரோ தெரிந்தவரை அழைத்து வந்திருக்கிறான் என்றாவது ஒரு நிமிடம் நினைத்திருப்பார். காலி சீட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது.

பாஸ்கர் இறங்கி, அப்பாவுக்குக் கடையில் வேலை என்றான். முகூர்த்த மாசம் என்றான். சொல்லச் சொன்னதை அப்படியே சொன்னான். ஆவணிக்குச் சரக்கு அனுப்புகிறார் என்று அவனாக மாற்றிச் சொல்லியிருந்தால் கொஞ்சம் தாங்கியிருக்கும்.

“ஆடியில ஏதுடா முகூர்த்தம்?” என்றார் அத்தை. கோபமே இல்லை. “எத்தினி நாளா படுத்துகினு கீறான்?”

பாஸ்கர் சொன்னான். எல்லாவற்றையும், கட்டியின் பெயர் உட்பட.  அவன் முடித்ததும் அத்தை, போன வாரம் போனில் பேசினானே, இன்னும் ரெண்டு நாளில் வரேன், என் வண்டியிலயே வரேன் என்றானே, அப்போது நன்றாகத்தானே இருந்தான் என்றார்.

“அப்ப உக்காருவாரு அத்த. வண்டிதான் ரெடியாவல.”

“வண்டிக்கு இன்னா?”

பாஸ்கர் என் பக்கம் திரும்பினான். அவனுக்குத் தெரியாது. ‘ஒரு சின்ன வேல’ என்பதற்கு மேல் நான் அவனுக்குச் சொன்னதே இல்லையே.

நான் இறங்கி இடது முன்கதவைத் திறந்தேன். வளையத்தைக் காட்டினேன். அதுதான் உடைந்திருந்தது, அதே நிறத்தில் கிடைக்கவில்லை, தேடி, கடைசியில் நானே வார்த்து மாட்ட ஒரு வாரம் ஆகிவிட்டது என்றேன். முப்பது வருடத்தில் எத்தனையோ பேரிடம் என் வேலையை விளக்கியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக விளக்கியதில்லை.

அவர் வாக்கரை ஓர் அடி முன்னால் வைத்து நெருங்கினார். குனிய முடியாததால் கையை மட்டும் நீட்டி, கைப்பிடிக்குக் கீழே விரலை விட்டு, வளையத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார்.

“இது இல்லன்னா வண்டி ஓடாதாப்பா?”

கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். ஓடாது என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அவருக்கும் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும், எனக்கும்தான்.

“ஓடும்மா” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். என் பக்கம் மறுபடி திரும்பவில்லை. பாஸ்கரிடம், மழை வரும்போல் இருக்கிறது, நேரத்தோடு கிளம்பு என்றார். “போனதும் போன் போட்டு அவன் காதுல வை. அவன் ஒண்ணும் பேச வேணாம். நான் பேசிக்கறேன்.”

ஆரணிக்கு வந்ததும் பாஸ்கர் அப்படியே செய்தான். முன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அக்கா தம்பியிடம் என்ன பேசினார், எவ்வளவு நேரம் பேசினார் என்று எனக்குத் தெரியாது. நான் வாசலில் நின்று வண்டியின் உள்ளே துணி போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை.